மாலை கீரிக்கு, பழி மிளகிக்கு

ஆனைப்பாறைக் காட்டில் மிளகி என்றொரு குதிரை இருந்தாள். மிளகு போலக் கறுப்பு. மிளகு போலவே காரம். யாராவது அவளிடம், "ஏய், சும்மா நில்லு!" என்றால் போதும், காது இரண்டும் பின்னால் மடங்கிவிடும்.

அந்தக் காட்டுக்கும் பக்கத்துக் கருமேட்டுக் காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு குளம். கோடையில் அதில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும். அதனால் கோடை பிறந்ததும் இரண்டு காடுகளும் ஓட்டப்பந்தயம் வைக்கும். காட்டுக்கு ஒருவர் ஓட வேண்டும். ஜெயித்த காடு கோடை முழுக்க முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்ற காட்டுக்கு மிஞ்சிய சேறு.

மிளகி ஓடத் தொடங்கிய வருஷத்திலிருந்து ஆனைப்பாறைக் காடு சேறு குடிக்கவே இல்லை. கருமேட்டுக் கடமான் நாக்குத் தள்ள ஓடி வரும். அதற்குள் மிளகி குளத்தங்கரையில் நின்று வாலை வீசிக்கொண்டிருப்பாள்.

சரி, மாலையை யாருக்குப் போட்டார்கள் தெரியுமா? கீரிக்கு!

ஆமாம், கீரிக்குத்தான். பந்தயத்தில் அவன் மிளகியின் பிடரியில் உட்கார்ந்து வருவான். வேகம் போதவில்லை என்று தோன்றினால் அவள் காதைக் கடிப்பான். அவன் செய்த வேலை அவ்வளவுதான். காட்டுத் தலைவர் கரடியார் அவன் கழுத்தில் மாலையைப் போட்டு, "எப்பேர்ப்பட்ட ஓட்டம்டா!" என்று கட்டிப்பிடிப்பார். ஓடினவள் காதில் ரத்தம் வழிய ஓரமாக நிற்பாள். எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கு எரியவில்லையா?

ஒரு நாள் கரடியார் மிளகியைக் கூப்பிட்டார்.

"மிளகி, இனிமே நீ ஓட வேணாம்."

"ஏன் தலைவரே? எனக்கு என்ன குறைச்சல்? இன்னும் பத்துக் கோடைக்கு ஓடுவேன்!"

கீரி குறுக்கே புகுந்தான். "அதுக்கில்ல மிளகி. இதுவரைக்கும் நீ தோத்ததே இல்ல. ஒரே ஒரு தடவை தோத்துட்டாலும் உன் பேரு கெட்டுடும். அப்புறம் உன் குட்டிகளுக்கு என்ன மதிப்பு? பேர் நல்லா இருக்கும்போதே குட்டி போடு. காடு பூரா உன் குட்டிகளா ஓடட்டும்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்கிட்ட என்ன கேக்கணும்?" என்றார் கரடியார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடிவேந்தன் என்ற ஆண்குதிரையை வரவழைத்தார்கள். அவன் வந்தான், இருந்த புல்லையெல்லாம் மேய்ந்தான், போனான். காடே அவனுக்கு வாழ்த்துச் சொன்னது.

மிளகிக்கு ஒரு ஆண் குட்டி பிறந்தான். அவள் அவனுக்குச் சுக்கு என்று பேர் வைத்தாள். கரடியாரோ, "இடிவேந்தன் மகன்! இடிவேந்தன் மகன்!" என்றார். வயிற்றில் சுமந்தவள் பேரை யாரும் சொல்லவில்லை. பால் மறக்கும் முன்னே அவனை இழுத்துப் போனார்கள். எலும்பு முற்றாத வயசிலேயே பந்தயத்தில் நிறுத்தினார்கள். பாதி வழியில் அவன் முன்னங்கால் முறிந்தது. பாறை மேல் கிடந்து அவன் "அம்மா, அம்மா" என்று கத்தினான். அன்று சாயங்காலமே அவன் மூச்சு நின்றுவிட்டது.

காடு அந்தக் கோடையில் சேறு குடித்தது. குடித்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? "அப்பன் ரத்தம் நல்ல ரத்தம். தாய்தான் சரியில்ல. தாய்ப்பாசம் பட்டுப் பட்டு அந்தக் குட்டியோட எலும்பே இளகிப்போச்சு!"

அட பாவிகளா!

இடிவேந்தன் மறுபடியும் வந்து போனான். அடுத்து ஒரு பெண் குட்டி பிறந்தாள். திப்பிலி. இந்தத் தடவை உடம்பு ஈரம் காய்வதற்குள் கீரியும் கரடியாரும் வந்துவிட்டார்கள். குளத்துக்கு இந்தப் பக்கம் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு ஒரு பட்டி கட்டி, குட்டியை அதற்குள் அடைத்தார்கள். பால் கொடுக்க வெள்ளச்சி என்ற கழுதையைக் கூட்டி வந்தார்கள். அவளும் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். அவள் குட்டியைத் தூரத்துக்கு விரட்டிவிட்டுத்தான் அவளைக் கூட்டி வந்தார்கள். அது என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மிளகி கரடியாரிடம் ஓடினாள்.

"தலைவரே, என் குட்டிய என்கிட்ட விடுங்க. நானே அவளுக்கு ஓடச் சொல்லித் தர்றேன்."

"நீயா?" கரடியார் சிரித்தார். "உனக்கு என்ன தெரியும்? ஓடினே, பெத்தே, அவ்வளவுதான். ஓட்டம் அவ ரத்தத்துல இருக்கு. கொள்ளு வச்சா தானா வரும்."

"நான் எப்படி ஓடக் கத்துக்கிட்டேன்னு நினைச்சீங்க? எங்கம்மா விலாவ ஒட்டி ஓடிக் கத்துக்கிட்டேன்! அவ திரும்பினா திரும்புவேன், தாவினா தாவுவேன். குதிரைக்கு வேற பள்ளிக்கூடம் கிடையாது தலைவரே!"

"போ, போய் மேயற வேலையப் பாரு!"

மிளகி மேயப் போகவில்லை. காலையில் எழுந்ததும் நேரே பட்டிக்கு வந்தாள். வெளியே நின்று ஒரு தடவை கனைத்தாள். உள்ளே வெள்ளச்சி குட்டியின் காதருகே சொன்னாள், "கேட்டியா கண்ணு? அதுதான் உன் அம்மா. நான் உனக்குப் பால் குடுக்கறவ. அவதான் உன்னைப் பெத்தவ."

மிளகி வேலியைச் சுற்றி ஓடத் தொடங்கினாள். முள்ளுக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் கேட்டதும் திப்பிலி தள்ளாடி எழுந்தாள். சத்தம் போன திசையில் அவளும் ஓடினாள். வெளியே அம்மா, உள்ளே மகள். மறுநாளும் ஓடினார்கள். அதற்கு மறுநாளும் ஓடினார்கள். முள்ளின் சந்து வழியே இருவர் மூக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மிளகியின் முகமெல்லாம் முள் கீறல்.

கீரி அதைப் பார்த்துவிட்டான்.

"தலைவரே! பாசம் காட்டிக் காட்டி இந்தக் குட்டியோட காலையும் இளக்கிடுவா போல இருக்கே!"

உடனே காட்டுப் பன்றிகளை ஏவி மிளகியை மொட்டைப் பாறைக்கு விரட்டினார்கள். கீழே இறங்கினால் கோரைப் பல்லால் குத்தச் சொல்லிப் பன்றிகளைக் காவல் வைத்தார்கள். மேலே புல் கிடையாது, நிழல் கிடையாது. அங்கிருந்து பார்த்தால் பட்டி ஒரு புள்ளியாகத் தெரியும். அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றதும் திப்பிலியும் ஓடுவதை நிறுத்திவிட்டாள். கொள்ளு வைத்தார்கள். தின்றாள். அறுகம்புல் வைத்தார்கள். தின்றாள். உடம்பு உருண்டு திரண்டதே தவிர ஓர் அடி நகரவில்லை.

"பந்தயத்தன்னிக்கு ஓடுவா. ரத்தம் பேசும் பாருங்க!" என்றான் கீரி.

பந்தய நாள் வந்தது. இரண்டு காடும் குளத்தங்கரையில் கூடின. ஓட்டம் தொடங்கும் இடத்தில் திப்பிலியும் கடமானும் நின்றார்கள். திப்பிலியின் பிடரியில் கீரி ஏறி உட்கார்ந்தான். ஜெயித்தால் போட்டுக்கொள்ள மாலையைக் கூடக் கட்டிக் கையோடு கொண்டு வந்திருந்தான்.

மரங்கொத்தி மரத்தில் அடித்தது. டொக், டொக், டொக்!

கடமான் பாய்ந்தது. திப்பிலி நின்றாள்.

"ஓடு! ஓடு சனியனே!" என்று கத்திக்கொண்டே கீரி அவள் காதைக் கடித்தான். ரத்தம் வந்தது. திப்பிலி முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அந்தக் குரல் மொட்டைப் பாறை வரை கேட்டது.

பாறை மேலிருந்து மிளகி கனைத்தாள்.

அவ்வளவுதான்! திப்பிலி அப்படியே திரும்பினாள். ஓடினாள் பாருங்கள்! குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையைப் பார்த்து! அப்படி ஓர் ஓட்டத்தை இரண்டு காட்டிலும் யாரும் பார்த்ததில்லை. முதல் பள்ளத்தை அவள் தாண்டியபோதே கீரி மாலையோடு எகிறி இலந்தை முள்ளில் விழுந்தான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

பாறையிலிருந்து மிளகி இறங்கினாள். பன்றிகள் வழியை மறித்தன. அவள் காதை மடித்துக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்ததும் அவையே விலகிக்கொண்டன. பாதி வழியில் தாயும் மகளும் மோதிக்கொண்டார்கள். நடுவில் முள் இல்லை.

கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மிளகி! நல்ல வேளை! அவளத் திரும்ப ஓடச் சொல்லு! கடமான் இன்னும் குளத்துக்குப் போய்ச் சேரல!"

"யோவ் கரடி!" என்றாள் மிளகி.

காடே திடுக்கிட்டது. இதுவரை யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் ஜெயிச்சப்ப மாலை கீரிக்கு. என் சுக்கு செத்தப்ப பழி எனக்கு. குட்டி பிறந்தா அது இடிவேந்தன் பிள்ளை. இப்ப ஓடச் சொல்லணும்னா மட்டும் நான் தாயா? போய்யா! உன் இடிவேந்தனக் கூட்டியாந்து ஓட விடு! உன் கீரிய ஓட விடு! இல்ல, நீ ஓடு!"

கரடியார் திப்பிலியைப் பிடிக்கக் கையை நீட்டினார். மிளகி திரும்பி நின்று ஓர் உதை விட்டாள். நெஞ்சில் பட்டது. கரடியார் புதரில் போய் விழுந்தார்.

"வெள்ளச்சி அக்கா!" என்று மிளகி கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இது நீ பால் குடுத்த பிள்ளை. நீயும் வா. முதல்ல உன் குட்டியத் தேடுவோம்."

வெள்ளச்சி கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கூட நிற்காமல் பின்னால் ஓடினாள். மூன்று பேரும் மலையைத் தாண்டிப் போனார்கள். திப்பிலி அம்மாவின் விலாவை ஒட்டி ஓடினாள். அதன் பிறகு ஆனைப்பாறைக் காட்டில் அவர்களை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் ஆனைப்பாறைக் காடு மறுபடியும் சேறு குடித்தது. அடுத்த கோடையிலும் அதே சேறு. ஒரு சின்ன முயல் சேற்றைத் துப்பிவிட்டுக் கேட்டது, "தலைவரே, மிளகி தோத்ததே இல்லையே? அவளையே ஓட விட்டிருந்தா என்ன?"

கரடியார் கீரியைப் பார்த்தார். கீரி தரையைப் பார்த்தான்.

உழைத்தவளை ஓரங்கட்டிவிட்டு, அவள் பெற்றதையும் பிடுங்கி ஜெயிக்கப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் சேறுதான் மிஞ்சும்.