முள்ளம்பன்றி கடுக்கனும் வெள்ளைப் பூஞ்சையும்

ஒரு குளக்கரைக் காட்டில் செவந்தி என்ற முயலும் கடுக்கன் என்ற முள்ளம்பன்றியும் சேர்ந்து தட்டைப்பயறு விதைத்து வந்தார்கள். இரண்டு வருடமாகச் செடிகள் சாண் உயரத்தைத் தாண்டவில்லை. செவந்தியின் நான்கு குட்டிகளுக்கும் கோடையில் அந்தப் பயறுதான் சாப்பாடு.

இந்த முறை செவந்தி உள்காட்டுக்குப் போனாள். அங்கே செழித்து நின்ற காட்டுப்பயற்றின் வேர்மண்ணை அள்ளி வந்தாள். அதில் நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் ஓடின. விதைக்குழிக்கு ஒரு பிடி போட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், கடுக்கன் குழிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே செய்றே?"

"குழியெல்லாம் பூஞ்சை தங்கச்சி. நல்லவேளை, என் கண்ணுல பட்டுது."

"நான்தான் போட்டேன். அது வேரோட சேர்ந்து வளரும். வேர் எட்டாத இடத்துல இருந்து தண்ணியும் சத்தும் இழுத்துக் கொடுக்கும்."

"பூஞ்சைன்னா பூஞ்சைதான். அழுக வச்சிடும்."

செவந்தி மறுபடி போய் மண் கொண்டுவந்தாள். அவன் மறுபடி சுரண்டினான். மூன்றாம் முறையும் அதே கதை. "எல்லாம் உன் குட்டிங்களுக்காகத்தான் பாடுபடறேன்" என்று வேறு சொன்னான். நல்ல மனசுக்காரனை எப்படித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் முறை கடுக்கனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசி மூன்று வரிசைகளை அப்படியே விட்டுவிட்டான்.

மழை பொய்த்தது. வயல் முழுக்க மஞ்சளாகிச் சுருண்டது. அந்த மூன்று வரிசை மட்டும் இரண்டு முழம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

"பார்த்தியா, நான் சுத்தம் பண்ணினதோட பலன்" என்றான் கடுக்கன்.

செவந்தி வாடிய பக்கம் ஒன்றும் காய்த்த பக்கம் ஒன்றுமாக இரண்டு செடிகளைப் பிடுங்கி அவன் முன்னால் போட்டாள். "இந்த மூணு வரிசையை நீ தொடவே இல்லை அண்ணே. வேரைப் பாரு."

ஒன்றில் நாலைந்து மொட்டை வேர்கள். இன்னொன்றில் அடர்ந்த வேர்; அதைச் சுற்றி வெள்ளை இழைகள் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன. கடுக்கன் வெகுநேரம் பார்த்தான். "அப்போ பூஞ்சை நல்லதுதான்" என்றான்.

அறுவடை முடிந்து பயறு சேமிப்பு வளைக்குள் போனது. பத்து நாள் கழித்து வளைக்குள் ஒரே நாற்றம். உள்ளே கடுக்கன் பயற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"தினமும் தெளிக்கிறேன் தங்கச்சி. நேத்துதான் பூஞ்சை பிடிச்சுது" என்றான் பெருமையாக.

செவந்தி எல்லாவற்றையும் பாறைமேல் இழுத்துப் போட்டு வெயிலில் பரப்பினாள். பாதி பயறு குப்பைக்குப் போனது. மிச்சம் குட்டிகளுக்கு மட்டும்தான் காணும். கோடை முழுக்க அவளுக்குக் காய்ந்த புல்தான்.

கடுக்கன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பயறாக எடுத்து நீட்டினான். "இது நல்ல பூஞ்சையா, கெட்ட பூஞ்சையா?"

"வேர்ல இருந்தா நல்லது அண்ணே. சாப்பாட்டுல இருந்தா கெட்டது" என்று முப்பதாவது தடவையாகச் சொன்னாள் செவந்தி.

ஒரு பொருள் எங்கே இருந்து என்ன வேலை செய்கிறது என்று பாராமல், பெயரை மட்டும் கேட்டு வெறுப்பதும் கேடு, பெயரை மட்டும் கேட்டுக் கொண்டாடுவதும் கேடு.