நரி விற்ற குறுக்குப் பாதை

கோடையில் ஒரு குட்டை வற்றியது. அதில் மிச்சம் இருந்தவை இரண்டே தவளைகள்: சொறியனும் அவன் மனைவி பூஞ்சியும். மொட்டைக்கொம்பன் என்ற கிழட்டு எருமை இருவரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் புறப்பட்டான்.

ஏரிக்கு இரண்டு வழிகள். பாறைமேல் சுற்றிப் போகும் பெரிய பாதையில் எப்போதும் நெரிசல், நிழலே கிடையாது. மற்றது மரத்தடியிலேயே போகும் குறுக்குப் பாதை. முதுகில் யாரையாவது சுமந்து வருபவர்கள்தான் அதில் போகலாம் என்பது காட்டு வழக்கம். முள்ளை மிதித்து அந்தப் பாதையைப் போட்டதே எருமைக் கூட்டம்தான். மொட்டைக்கொம்பன் அதை மறக்கவே இல்லை.

பாதை வாயில் நரி உட்கார்ந்திருந்தது.

"நில்லும் பெரியவரே! சட்டம் மாறிவிட்டது. இனி மூன்று பேரைச் சுமந்தால்தான் சும்மா விடுவோம். இல்லாவிட்டால் சுங்கம்!"

"மூன்றாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? குட்டையில் இருந்ததே இவ்வளவுதான்!"

"என் பெண்டாட்டியே இரண்டு பேர் கனம் சாமி! நல்லாப் பாருங்க!" என்றான் சொறியன்.

"காய்ந்து சாகிற நேரத்திலும் வாயைப் பார்!" என்று பூஞ்சி அவனை இடித்தாள்.

அப்போது ஒரு காட்டுப்பன்றி வந்தது. நரியின் காலடியில் ஒரு கிழங்கைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனது.

"அவன் முதுகில் ஒரு ஈகூட இல்லையே!"

"கிழங்கு இருந்ததே! உம்மிடம் என்ன இருக்கிறது?"

மொட்டைக்கொம்பனிடம் இருந்தது வாயில் அசைபோட்ட புல் மட்டும். பெரிய பாதைக்குத் திரும்பினான். பாறை கொதித்தது. யானைகளுக்குப் பின்னால் நின்று நின்று நகர வேண்டியிருந்தது. பாதி வழிவரை சொறியன் வேடிக்கை பேசினான். பிறகு பேசவில்லை.

மாலையில் ஏரிக்கரையில் நரி விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. புதிய சட்டம் நல்லதா என்று ஆராய்ந்து சொல்லச் சிங்கம் நரியையேதான் அனுப்பியிருந்தது!

"குறுக்குப் பாதை எப்படி?"

"பிரமாதம்! கூட்டமே இல்லை!" என்றது பன்றி.

"என்னையும் கேள்!" என்றான் மொட்டைக்கொம்பன்.

"நீர் எந்தப் பாதையில் வந்தீர்?"

"பெரிய பாதையில்."

"விசாரணை குறுக்குப் பாதையைப் பற்றி. அதில் வராத உமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? தள்ளி நில்லும்!"

அன்றே சிங்கத்துக்குச் சேதி போனது: 'குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.'

மொட்டைக்கொம்பன் ஏரிக்குள் இறங்கினான். தண்ணீர் முதுகுக்கு ஏறியது. பூஞ்சி நீந்தினாள். சொறியன் மல்லாந்து மிதந்தான்.

வாசலில் தடுக்கப்பட்டவனைக் கேட்காமல் நடத்தும் விசாரணை, தடுத்தவனுக்குச் சாதகமாகவே முடியும்.