காரா, வேனா?

பவானி ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் செங்கமலத்தம்மாள். அவருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்தில் சேர்ந்த அன்றே தன் பதினெட்டு வருடப் பழைய காரையும் அங்கேயே கொடுத்துவிட்டார். அதை ஓட்டுவதும் துடைப்பதும் அவர்தான்.

தை மாதத்தில் ஒரு பக்தர் புது வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டுப் பேர் உட்காரலாம். கதவை லேசாகத் தொட்டால் சத்தமில்லாமல் நகர்ந்தது.

நாச்சிமுத்துவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"அம்மா, ரெண்டுல எது நல்ல வண்டிங்க?"

"நீங்கதானே மெக்கானிக். நீங்களே சொல்லுங்க."

"கார் ரோட்டை விட்டு நகராதுங்க. திருப்பத்துல அலுங்காது. வேன்ல இடம் தாராளம், ஏசி கடைசி சீட் வரைக்கும் வருது. ஆனா உயரம். காத்தடிச்சா ஆடும்."

"சரிங்க. நாளைக்கு ஊர்க்காரங்க ஏழு பேரை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், கண் ஆபரேஷனுக்கு. நல்ல வண்டியா எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் நாச்சிமுத்து காரை எடுத்தார். நாலு பேரை ஏற்றிக்கொண்டார். மற்ற மூன்று பேரை ஒரு வேப்பமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று கிளம்பினார்.

திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. அந்த மூவரில் ஒருவரான ராமாத்தாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

நேரமாகிவிட்டதால் அவருக்கு மட்டும் அன்று ஆபரேஷன் நடக்கவில்லை. நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

"அதனாலென்னங்க," என்றார் ராமாத்தாள்.

திட்டியிருந்தால்கூட நாச்சிமுத்து அன்றிரவு தூங்கியிருப்பார்.

மூன்றாம் நாள் அவர்களைத் திரும்ப அழைத்துவர, யாரும் சொல்லாமலே வேனை எடுத்துக்கொண்டு போனார். ஏழு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள்.

வண்டி ஈரோட்டைத் தாண்டியதும் பேச்சு ஆரம்பித்தது. "அதா பாரு, ஆடு! கொம்பு தெரியுது!" என்றார் ராமாத்தாள். "கரும்புக்குப் பூ வந்திருக்கே" என்றார் பின்னாலிருந்த காளியண்ணன். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார். வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தியே விட்டார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தார்.

"அம்மா, வேன்தாங்க நல்ல வண்டி."

"அப்படிங்களா? ராமாத்தா எங்க உட்கார்ந்து வந்தாங்க?"

"முன்னாடி, என் பக்கத்துலங்க. வழி பூராப் பேச்சு. அவங்க மருமக இன்னைக்குக் கோழி அடிக்குதாமா."

"போறப்ப, கார்ல?"

நாச்சிமுத்து யோசித்தார். கியர் எங்கே சற்று இறுகியது, எந்தப் பள்ளத்தில் எப்படி ஒதுங்கினார் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"தெரியலைங்கம்மா."

செங்கமலத்தம்மாள் சிரித்தார்.

"அப்போ கார் எப்படின்னு உங்களுக்கு இன்னும் தெரியாதுங்க ஐயா. நாளைக்கு நாலு பேரை ஏத்திட்டு, அவங்களோட பேசிட்டே போய்ப் பாருங்க."