வேம்பி உடைத்த குடம்

கடல் இளநீர் மாதிரி இனித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நண்டும் பேசும், அலையும் பேசும். விடிந்தால் ஊரே குடத்தோடு கரைக்கு வரும். பிள்ளைகள் அலையில் வாய் வைத்துக் குடிக்கும். கடலுக்கு அதில் அப்படியொரு பூரிப்பு.

ஆனால் அந்த இனிப்பில் ஒரு கேடு இருந்தது. கடலில் இறங்குகிறவன் காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாது. ஈ மொய்க்கும், எறும்பு ஏறும், சீழ் வைக்கும்.

வேம்பியின் புருஷன் சங்கன் வலை இழுக்கும்போது திருக்கை மீனை மிதித்துவிட்டான். வால்முள் கணுக்காலில் ஏறியது. பத்தே நாளில் முழங்கால்வரை வீக்கம். வைத்தியர் வந்து பார்த்தார். "காலை எடுத்தால்தான் ஆள் தப்புவான். நாளை விடிந்ததும் வருகிறேன்" என்று சொல்லி, கத்தி தீட்டப் போய்விட்டார்.

வேம்பிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். வழியில் ஒரு நண்டு.

"அக்கா, முகத்தைப் பார்த்தா கடலையே அடிக்கப் போற மாதிரி இருக்கே?"

"எட்டப் போடா. என் புருஷன் கால் போகப் போகுது."

"காலா? எனக்கும்தான் ஒண்ணு ஒடிஞ்சுது. அந்த உப்பு மலை அடியில குழி தோண்டிப் படுத்தேன். ஒரு சொட்டு உப்புத்தண்ணி கசிஞ்சு பட்டுது. எரிஞ்ச எரிச்சலில் செத்த பாட்டனெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சான். நாலாம் நாள் பார், சரியாப் போச்சு."

கரையோரம் வெள்ளையாக நின்றது உப்பு மலை. பாறைபோல இறுகியது. வேம்பி கல்லால் அடித்தாள், கல்தான் உடைந்தது. அதைக் கரைக்க அலையால்தான் முடியும். நேரே கடலிடம் போனாள்.

"ஆத்தா, ஒரே ஒரு அலையை அந்த மலைமேல ஏத்து."

"ஒண்ணோட நிக்காது மகளே. தொட்டால் மலை மொத்தமும் கரையும். நானும் மொத்தமும் கரிச்சுப் போவேன்."

"போனா என்ன? காலையில பூ கொண்டுவர்றேன்."

"நாளைக்கே வாடிப்போகும் பூ எனக்கு எதுக்கு?"

"பிடிக்கிற முதல் மீன் உனக்கு."

"என் மீனை எனக்கே தர்றியா? நல்ல பேரம்தான் பேசுறே!"

"பின்னே உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள்.

கடலின் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை பேர் என்னைத் தேடி வர்றாங்க. கரிச்சுப்போனா யாரு வருவா? சொல்லு."

வேம்பி குடத்தைப் பார்த்தாள். ஊரில் யாருமே கடலுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. அவளும் வந்ததில்லை. கோபமாக வந்த இப்போதும் குடத்தை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"அவங்க தேடி வர்றது உன்னையா, தண்ணியையா?" என்று கேட்டாள்.

சட்டென்று குடத்தைத் தூக்கிப் பாறையில் போட்டு உடைத்தாள்.

"அடிப்பாவி!" என்று நண்டு அலறியது. "ஆள் உயிரோட இருக்கும்போதே குடத்தை உடைச்சிட்டியே!"

"நீ சும்மா கிட. ஆத்தா, கேட்டுக்க. இனி நான் குடத்தோட வரமாட்டேன். வெறுங்கையோட வருவேன். ஒரு காரியமும் இல்லாம வந்து உன் பக்கத்துல உட்காருவேன். என் பிள்ளைகளும் வரும், அதுங்க பிள்ளைகளும் வரும். இதுக்குமேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

கடல் எழுந்தது. ஒரே வீச்சில் மலைமேல் ஏறி அதைக் கட்டிக்கொண்டது. மலை கரைந்தது.

வேம்பி ஒரு கை அள்ளிக் குடித்தாள். ஒரே கரிப்பு. முகம் கோணாமல் விழுங்கி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாதடி" என்று கடல் சிரித்தது. "குடிக்கிறதுக்குக் கொஞ்சம் இனிப்பைக் கரை மணலுக்கடியில ஒளிச்சு வச்சிருக்கேன். பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தா நண்டைக் கேளு, தோண்டிக் காட்டும்."

சங்கனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தினாள். அலை வந்து காலைத் தொட்டது. அவன் போட்ட கூச்சலில் கடல் பயந்து பின்வாங்கியது.

"ஐயோ மகளே, வலிக்குதாம்!"

"அவன் அப்படித்தான் கத்துவான், முள் குத்தினதுக்கே ஊரைக் கூட்டினவன். நீ வா ஆத்தா!"

மறுபடி தொட்டது. மறுபடி கத்தினான். மறுபடி பதறிப் பின்வாங்கியது. விடியவிடிய அப்படியே நடந்தது. வைத்தியர் கத்தியோடு வந்தபோது வீக்கம் பாதி வடிந்திருந்தது. சங்கன் மணலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். எறும்பு ஒன்றுகூட அருகில் இல்லை. வைத்தியர் கத்தியை மடியில் செருகிக்கொண்டு, வந்த வழியே போனார்.

வேம்பியும் சொன்ன சொல் தவறவில்லை. வேலை முடிந்ததும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அன்று முதல்தான் நாம் ஒரு காரியமும் இல்லாமல் கடற்கரைக்குப் போய் நிற்கிறோம். கடலும், யார் காலில் என்ன காயமோ என்று ஓடி வந்து தொட்டுப் பார்க்கிறது, எரிந்துவிடுமோ என்று பின்வாங்குகிறது, மனசு கேட்காமல் மறுபடியும் வருகிறது.