மூன்று ஏழு

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது எங்கள் செலினக்கா. என் கடைசி மகன் துபாய்க்கு விமானம் ஏறின வருஷம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது.

செலினக்காவுக்கு மாதா கோயில் அலுவலகத்தில் வேலை. அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த டெல்பின் சிஸ்டர் அவளைவிட இருபத்தாறு வயது சின்னவர். படம் ஒன்றும் இல்லாத கறுப்புத் திரை. கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்.

"செபம் சொல்ற மாதிரிதான் அக்கா."

"செபத்துல தப்பு விட்டா மாதா பொறுத்துக்குவா சிஸ்டர். இது பொறுக்க மாட்டேங்குதே."

பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த ஒரு வருஷம்தான் மறுபடி பள்ளிக்கூடம். நினைத்தாலே முகம் மலரும்.

ஜனங்கள் அனுப்பும் மன்றாட்டுக் கடிதங்களும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று எண். முதலாவது, அந்தக் கோப்புக்கு உரியவருக்கு. அடுத்தது அலுவலகத்தாருக்கு. கடைசி, வருவோர் போவோர் எல்லாருக்கும். ஏழு போட்டால் முழு உரிமை. சைபர் போட்டால் ஒன்றும் கிடையாது.

பாட்டுப் பட்டியல் எடுக்க வருகிற பாடகர் குழுக்காரர்கள், "அனுமதி இல்லைங்குதுக்கா" என்று தினமும் வந்து நிற்பார்கள். சிஸ்டர் தியானத்துக்குப் போயிருந்த வாரம், செலினக்கா எல்லாக் கோப்புக்கும் மூன்று ஏழு போட்டாள். ஏழு அருட்சாதனங்கள், மாதாவுக்கு ஏழு வியாகுலங்கள், நல்ல எண்தானே என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் அடித்தாள்.

எல்லாம் திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழு சூசைமிக்கேல் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி, நாலு பேர் காதில் விழ ஆறுதல் சொன்னார். அவள் மாதாவுக்கு மட்டும் எழுதியிருந்த காரியம் அது. அடுத்த ஞாயிறு அவள் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

சிஸ்டர் திரும்பி வந்ததும் செலினக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"கோயில் கதவே எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கு சிஸ்டர். கடுதாசியைத் திறந்து வச்சது அவ்வளவு பாவமா?"

சிஸ்டர் கோப்புகளைப் பழையபடி மூடினார். பிறகு எழுந்து இடம் கொடுத்தார்.

"உங்க மன்றாட்டு ஒண்ணை எழுதுங்க அக்கா."

இரண்டு வரி என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு பக்கம் ஓடியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிட்டேன்."

"எண் போடுங்க."

ஏழு என்று அடித்தாள். இரண்டாவது ஏழில் விரல் நின்றது. நகர்ந்தது. சைபர். சைபர்.

நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்டர் பின்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சிஸ்டர் அந்தப் பக்கம்? இனி உங்களாலயும் படிக்க முடியாதே. நான்தான் பூட்டிட்டேனே."

"இந்தக் கம்ப்யூட்டருக்கு நான் நிர்வாகி அக்கா. நீங்க எந்த எண் போட்டாலும் எனக்குத் திறக்கும். அதனாலதான்."

அன்று சாயங்காலமே செலினக்கா அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். கதவு திறக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். என்ன காரியம் என்று மட்டும் கேட்காதீர்கள்.