அடுப்பைச் சுத்தி வந்த சாம்பக்கோழி

ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்குப் பின்னால ஒரு புறக்கடை இருந்துச்சாம். புறக்கடைன்னா நீ ஓடி விளையாடற அளவுக்கு இல்ல சாமி. ரெண்டு பாயை விரிச்சா மூணாவது பாய்க்கு எடமில்ல. அதுக்குள்ளயே ஒரு துவைக்கிற கல்லு, ஒரு தண்ணித் தொட்டி, ஒரு கருவேப்பிலைச் செடி. சுத்தி சுவரு. ம் சொல்லு.

ம்… அந்த வீட்டுல குப்புராசுன்னு ஒருத்தன் குடக்கூலிக்கு, அதான் வாடகைக்கு, இருந்தான். தறி ஓட்டறவன். தறி சத்தத்துலயே நின்னு நின்னு, பேச்சே கம்மியாப் போன ஆளு. அவனுக்குப் புதுசாக் கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி பேரு செங்கமலம். அவ பொறந்தது தோட்டங்காட்டுல. ஆடு, மாடு, கிணறு, வரப்புன்னு வளர்ந்தவ. இங்க வந்து பார்த்தா, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. சாயங்காலமானா அந்தச் சுவத்துக்கிட்டப் போயி, கையை மேல வெச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்துட்டு நிப்பா.

குப்புராசு அதைப் பார்ப்பான். என்ன பேசறதுன்னு தெரியாது. "குளிக்கற தண்ணி காஞ்சிருச்சு புள்ள"ன்னுட்டு உள்ள போயிருவான்.

அப்புறம் ஒரு நாள் செங்கமலத்தோட அம்மா வந்தாங்க. கையில ஒரு கூடை. கூடைக்குள்ள "க்ர்ர்ர்… கொக்"னு சத்தம். தொறந்தா, சாம்பல் நிறத்துல ஒரு பொட்டைக்கோழி! செங்கமலம் அதை அப்படியே வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. கல்யாணத்துக்கப்புறம் அவ அப்படிச் சிரிச்சு குப்புராசு பார்த்ததே இல்ல.

அப்போ மாடியிலேர்ந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. கோமதி டீச்சர்னு பேரு.

"ஏம்மா செங்கமலம், கோழியா? சரி, வளர்த்துக்கோ. ஆனா நாத்தம் வரக்கூடாது. கொல்லை சேறாகக் கூடாது. என் சுவத்துல எச்சம் படக்கூடாது. பட்டா, கோழி வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிரணும்."

"சரிங்க டீச்சரம்மா"ன்னா செங்கமலம்.

குப்புராசுக்குப் பயம் வந்துருச்சு. கோழி திரும்பிப் போச்சுன்னா, அதைக் கொண்டு போயி விடறேன்னு இவளும் போயிட்டா? போனவ அங்கயே இருந்துட்டா? அப்போ அவன் மனசுக்குள்ள சொன்னான்: 'கூட்டை நான் கட்டறேன். கோழி போகாது.' ம் சொல்றியா?

ம்… தறி ஓட்டத் தெரிஞ்சவனுக்குத் தச்சு வேலை தெரியுமா? காய்கறிக் கடையில தக்காளிப் பெட்டி வாங்கியாந்தான். டொக்கு டொக்கு டொக்குன்னு ஆணி அடிச்சான். கோழிக்குக் குளிருமேன்னு சுத்தி தார்ப்பாயைப் போட்டு, ஒரு ஓட்டை விடாம கட்டிட்டான். பாசந்தான், பாவம்!

மறுநாள் தொறந்தா, குப்புன்னு ஒரு நாத்தம். உள்ள வேர்வை வேர்வையா ஈரம். கோழி வாயைப் பொளந்துக்கிட்டு "ஹ… ஹ… ஹ…"ன்னு மூச்சு வாங்குது.

மாடியிலேர்ந்து டீச்சர், "குப்புராசு! மூக்கைக் கழட்டியா வெச்சுட்டு இருக்க முடியும்?"

"ஏனுங்க, இது என்ன இட்லிச் சட்டிங்களா, கோழியை வேக வெக்கறீங்க?"ன்னா செங்கமலம்.

அப்புறம் தார்ப்பாயைப் பிரிச்சான். மூணு பக்கம் கம்பி வலை அடிச்சான். காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போச்சு. கீழ உமியும் டீக்கடை அடுப்புச் சாம்பலும் பரப்பினாங்க. தினமும் காலையில செங்கமலம் எச்சத்தைச் சுரண்டி எடுத்து, கருவேப்பிலைச் செடிக்குப் போட்டா. நாத்தம் போச்சு. டீச்சர் சொன்ன மூணுல ஒண்ணு முடிஞ்சுதா?

ம்… அப்புறம் மழை வந்துச்சு. சடசடசடன்னு பேய் மழை. குப்புராசு கூட்டுக்கு மேல தகரத்தைக் கூரையாப் போட்டிருந்தான். அதைச் சரிவா வெச்சது சரிதான். சரிவைக் கதவுப் பக்கம் வெச்சுட்டான்! கூரைத் தண்ணி எல்லாம் தொப தொப தொபன்னு கூட்டு வாசல்லயே கொட்டுது. உமி ஊறிப் போயி, களிமண்ணாட்டம் ஆயிருச்சு. கோழி ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு அவனை ஒரு பார்வை பார்த்துச்சு பாரு!

"அது என்னைத் திட்டுது புள்ள"ன்னான்.

"திட்டாம? மாலையா போடும்?"

ஊறின உமியை வழிச்சுப் போட்டாங்க. தகரத்தைத் திருப்பி, பின்னால சரியற மாதிரி வெச்சான். கூட்டுக்கு நாலு கால் வெச்சு, காலுக்குக் கீழ செங்கல் வெச்சான். தரையில தண்ணி ஓடினாலும் கூட்டுல ஏறாது. உள்ள குறுக்க ஒரு உருட்டுக் கட்டையும் வெச்சான். கோழி தரையில தூங்காது சாமி, கட்டையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துதான் தூங்கும். ரெண்டு முடிஞ்சுது.

இப்போ கூடு கூடு மாதிரி ஆயிருச்சா? நாத்தம் இல்ல, ஈரம் இல்ல. ஆனா என்ன பண்றது? கோழி உள்ள போக மாட்டேன்னுது!

பொழுது சாயற நேரம் வந்தா, படபடபடன்னு றெக்கையை அடிச்சு சுவத்து மேல ஏறிரும். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துக்கும். அவங்க பிடிச்சு உள்ள விட்டாத்தான் உண்டு. பக்கத்துச் சந்துலேர்ந்து ஒரு கடுவன் பூனை வேற, வாலைச் சுருட்டிட்டு அதையே பார்த்துட்டு இருக்கும்.

டீச்சர் வந்து சுவத்தைப் பார்த்தாங்க. வெள்ளையா வழிஞ்சிருந்துச்சு. இந்தத் தடவை சத்தம் போடல. "இது இங்க தங்காதும்மா. பூனை பிடிக்கறதுக்கு முன்னால ஊருக்கு அனுப்பிரு. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு"ன்னு மெதுவாச் சொல்லிட்டுப் போனாங்க. சத்தம் போட்டிருந்தாக் கூடப் பரவால்ல போல இருந்துச்சு.

அப்போ செங்கமலம் சொன்னா, "எங்க ஊர்ல புதுக்கோழி கொண்டாந்தா, வீட்டுப் பொம்பளை அதைக் கையில வெச்சுக்கிட்டு அடுப்பை மூணு சுத்து சுத்துவாங்க. அப்புறம் அது வீட்டை விட்டுப் போகாது. இங்க எப்படிச் சுத்தறது?"

ஆமா, எப்படிச் சுத்தறது? அது கேஸ் அடுப்பு. மேடையில, சுவத்தோட ஒட்டி இருக்குது.

குப்புராசு அடுப்பைப் பார்த்தான். நேரா உள்ள போனான். சிலிண்டரை மூடினான். குழாயைக் கழட்டினான். அடுப்பை அப்படியே தூக்கியாந்து, கூடத்துக்கு நட்ட நடுவுல வெச்சான்.

"சுத்து புள்ள."

அந்த நேரம் பார்த்து மாடிப்படி எறங்கின டீச்சர், "என்னப்பா, அடுப்பை ஏலம் விடறியா?"ன்னாங்க. அவன் "இல்லீங்க, கோழிக்குங்க"ன்னான். டீச்சர் ஒண்ணும் புரியாமப் போயிட்டாங்க.

செங்கமலம் கோழியை எடுத்தா. மொதச் சுத்து. "இதுதான் உன் வீடு"ன்னு கோழி காதுல சத்தமாச் சொன்னா. ரெண்டாஞ்சுத்து. "இதுதான் உன் வீடு." மூணாஞ்சுத்துல குரல் எறங்கிருச்சு. ஆணியில தொங்கற அவன் சட்டை, சன்னல்ல காயற அவ துண்டு, ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே நடந்தா. "இதுதான்… உன் வீடு." குப்புராசு கதவோரம் நின்னு கேட்டுட்டு இருந்தான். ம் சொல்லு… தூங்கிட்டியா?

ம்… அப்புறம் சாயங்காலம் ஆச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடாம நின்னாங்க. கோழி சுவத்துப் பக்கம் போகல! டக் டக் டக்குனு நடந்து வருது. கூட்டுக்கிட்ட வந்துச்சு. கூட்டைத் தாண்டுச்சு. வாசப்படி ஏறுச்சு. நேரா கூடத்துக்கு வந்து, அடுப்பு வெச்சிருந்த எடத்துல, நட்ட நடுவுல, "கொக்"னு உட்கார்ந்துக்கிச்சு!

"ஐயோ, ஏனுங்க! நாம அடுப்பைத்தானுங்களே காட்டினோம்! கூட்டைக் காட்டலையே!"ன்னு செங்கமலம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. குப்புராசும் சிரிச்சான். மாடிக்கே கேட்டுச்சு.

அப்புறம் குப்புராசு யோசிச்சான். "ஒரு எடத்துல இருந்து பார்த்தாத்தான புள்ள அது நம்ம எடம்னு தெரியும்?"னான். கோழியைக் கூட்டுல விட்டு, கதவைச் சாத்தி, மூணு நாள் தொறக்கவே இல்ல. தீனி உள்ளயே, தண்ணி உள்ளயே. அது கத்தும், "கெக்கெக்கே"ன்னு. செங்கமலம் கூட்டுப் பக்கத்துல பலகையைப் போட்டு உட்கார்ந்துக்குவா. அங்கயே கீரை ஆய்வா, அங்கயே அரிசி பொடைப்பா. நொய் விழுந்தா வலைக்குள்ள போடுவா. "ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்டி. அப்புறம் பழகிரும்"னு அதுகிட்டச் சொல்லுவா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. காலையில கதவைத் தொறந்துட்டு குப்புராசு தறிக்குப் போயிட்டான். அன்னைக்கெல்லாம் அவன் தறியில நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஓடியாந்தான். புறக்கடைக்கு வந்தா, டீச்சர் படியில நிக்கறாங்க. செங்கமலம் உதட்டுல விரலை வெச்சு "ஷ்ஷ்"ங்கறா.

கோழி சுவத்தைப் பார்த்துச்சு. கூட்டைப் பார்த்துச்சு. றெக்கையை ஒரு உதறு உதறுச்சு. குடுகுடுன்னு நடந்து, கூட்டு வாசல்ல தலையைக் குனிஞ்சு, உள்ள போயி, கட்டை மேல ஒரே தாவு. ரெண்டு காலாலயும் கட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. கழுத்தை உள்ள இழுத்துக்கிச்சு. கண்ணு மெதுவா… மெதுவா… மூடுச்சு.

டீச்சர் சரின்னு தலையாட்டினாங்க. சத்தம் வராம படியேறிப் போனாங்க.

குப்புராசு கதவைச் சாத்தி கொக்கியைப் போட்டான். அப்போ செங்கமலம் அவன் பக்கத்துல வந்து குந்துனா. வலை வழியா உள்ள பார்த்துட்டே கேட்டா, "ஏனுங்க, நம்ம கூட்டுல இன்னொரு கோழிக்கு எடம் இருக்குமுங்களா?"

அவன் கட்டையை ஒரு சாண், ரெண்டு சாண்னு அளந்து பார்த்தான். "கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தா இருக்கும் புள்ள"ன்னான்.

அவ்வளவுதான் சாமி. கோழி கூட்டுக்குள்ள. கதை கூடைக்குள்ள. நீ போர்வைக்குள்ள. கண்ணை மூடு.