கடைசி வரிசைக்குத் தண்ணீர்

“சாமி, இன்னும் எத்தனை சோலார் பலகை போட்டா என் எலுமிச்சை பிழைக்கும்?”

கேட்டவர் இசக்கியப்பன். பொத்தைக் குன்றின் அடிவாரத்து வேப்ப நிழலில் மத்தியானத் தூக்கத்தில் கிடந்த சாமி, கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வயசு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் காவி கட்டிக்கொண்டு தூங்கப் போனார். மற்றவர் தூக்கத்தைத் தொலைத்து விவசாயம் பார்த்தார். அப்புறம் என்ன, குருவும் சீடனும் ஆகிவிட்டார்கள்.

“இப்ப என்ன போட்டிருக்கே?”

“போர்வெல்லுக்குள்ள அஞ்சு ஹெச்.பி. மோட்டார். அதுக்குத் தக்க பலகை. தண்ணி தொடை கனத்துக்கு விழுது சாமி. ஆனா ஒரு மணி நேரம்தான். அப்புறம் வெறுங்காத்து. மோட்டார் தன்னால நின்னுருது.”

“மறுபடி ஊறாதா?”

“ஊறும். ஊறி முடியதுக்குள்ள பொழுது அடைஞ்சிருது. கடைசி வரிசைகளுக்குத் தண்ணியே எட்டலை. இந்தக் கோடையில அது கருகிட்டுன்னா, காட்டை வித்துட்டு மருமகன் வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும். அதான் பத்து ஹெச்.பி.யா மாத்திரலாம்னு இருக்கேன். சோலார் கம்பெனிப் பையனும் சரின்னுட்டான்.”

விற்க வந்தவன் வேறு என்ன சொல்வான்.

சாமி கொட்டாவி விட்டார்.

“ஒரு கனா கண்டேம்ல.”

இசக்கியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் கருகிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் கனாச் சொல்கிறார். ஆனாலும் உட்கார்ந்தார்.

“கனாவுல நான் தண்ணியா இருந்தேன். பாறைக்கு அடியில, இருட்டுல, நூல் கனத்துக்கு ஒரு சந்து. அது வழியா நடந்து வாரேன். எனக்கு முன்னாடியும் தண்ணி, பின்னாடியும் தண்ணி. எல்லாரும் உன் காட்டுக்குத்தான் வாரோம். எலுமிச்சைப் பூ வாசம் அங்கயே அடிக்குது.”

இசக்கியப்பனும் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் எங்கேயோ போயிருந்தது.

“போருக்குள்ள வந்து எட்டிப் பாக்கேன். முன்னால போனவங்களை ஒரே இழுப்பா இழுத்துட்டு மோட்டார் நின்னுட்டு. நாங்க கீழேயே நிக்கோம். மேல வெயில் தகதகன்னு அடிக்குது. எங்களைக் கூப்பிட ஆளில்லை.”

சாமி இப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

“ஏம்ல அப்படி இழுக்கே?”

“இழுக்காம? கரண்டு போறதுக்குள்ள பாய்ச்சணும்லா?”

சொன்ன வாய் அப்படியே நின்றது.

அவருடைய பழைய கிணற்றில் மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டது என்றால், பிசைந்த சோற்றை வைத்துவிட்டு ஓட வேண்டும். பாதி வாழ்க்கை அப்படி ஓடிய மனுஷன் அவர். இந்தப் போருக்கோ கரண்டு லைனே கிடையாது, வெயில்தான் ஓட்டுகிறது.

“வெயிலை எவம்ல கட் பண்ணுவான்?” என்றார் சாமி. திரும்பிப் படுத்தார். குறட்டையும் வந்துவிட்டது.

இசக்கியப்பன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பிறகு கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, பத்து ஹெச்.பி. வேண்டாம். இருக்கிற அஞ்சையும் தூக்கிரு. ஒன்றரை போடு.”

“ஒன்றரையா? அண்ணாச்சி, தண்ணி கட்டைவிரல் கனத்துக்குத்தான் வரும்.”

“வரட்டும்,” என்றார் இசக்கியப்பன். “ஊற ஊற, பொழுது அடையுற வரைக்கும் வரட்டும்.”